புதன்கிழமை எட்டரை மணிக்கு

என் கணவரின் அக்காவை நேரில் அண்ணி என்று கூப்பிடுவேன். மனசுக்குள் இலாகா. துப்பறியும் இலாகா என்பதன் சுருக்கம். எனக்கும் மகளுக்கும் மட்டும் தெரிந்த பெயர் அது. அண்ணிக்கும் தெரிந்திருக்கும் என்று ஒரு சந்தேகம் உண்டு, ஏனென்றால் அவருக்குத் தெரியாத விஷயம் எங்கள் வீட்டில் எதுவுமே கிடையாது.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை அறையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நோயாளியின் வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன்னால், உள்ளே போன கத்தரியும் பஞ்சும் வெளியே வந்துவிட்டதா என்று எண்ணிச் சொல்வது அவர் பொறுப்பு. ஒரு பஞ்சு குறைந்தாலும் டாக்டரைத் தைக்க விடமாட்டாராம். வாழ்நாள் முழுக்க அப்படிப் பழகியவர் வீட்டுக்கு வந்த பிறகு எதைத்தான் எண்ணாமல் இருப்பார்? கரண்டி குறைந்தால் விசாரணை. பால் பொங்கி வழிந்தால் விசாரணை. நான் போனில் குரலைத் தாழ்த்தினால் பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருக்கும் குழாய் சட்டென்று நின்றுவிடும்.

என் கணவர் இதற்கு நேர் எதிர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ரகம். சட்டையில் பொத்தான் அறுந்தால்கூடச் சொல்லமாட்டார். அந்தச் சட்டையை என் கண்ணில் படுகிற மாதிரி நாற்காலியின் மேல் போட்டுவிட்டுப் போவார். நானே பார்த்து, நானே புரிந்துகொண்டு, நானே தைத்து வைக்க வேண்டும்.

நான் எழுதுகிறவள். ஓர் இணையத்தளத்தில் வாரம் ஒரு கட்டுரை. உலக அரசியல் எல்லாம் இல்லை. வீடு, மனிதர்கள், அவர்களுடைய கோணல்கள், அவ்வளவுதான். எழுத்து வந்தால் அடைமழையாக வரும்; சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்து பத்துக் கட்டுரைகளை எழுதித் தள்ளுவேன். அப்புறம் மாதக்கணக்கில் ஒரு வரி வராது. அதனால் எழுதியதையெல்லாம் உடனுக்குடன் தளத்தின் பெட்டியில் போட்டுவிடுவது வழக்கம். அங்கே ஒவ்வொரு கட்டுரையும் தன் தலையில் ஒரு தேதியோடு வரிசையில் நிற்கும். அந்தப் புதன்கிழமை வந்ததும் காலை எட்டரை மணிக்குத் தானாகவே வெளியே வந்துவிடும்.

எட்டரை மணி என்பது எங்கள் ஆசிரியரின் வேதவாக்கு. "எட்டு மணிக்குப் போட்டா ஜனங்க குளிச்சிட்டிருப்பாங்க மேடம். ஒம்பதுக்குப் போட்டா எதிர்ல மேலதிகாரி உக்காந்திருப்பார். எட்டரைக்குத்தான் பஸ்ல ஒரு கையில கம்பி, ஒரு கையில போனோட நிப்பாங்க. எவ்வளவு நல்ல கட்டுரையா இருந்தாலும் நேரங்கெட்ட நேரத்துல வந்தா செத்துடும்" என்பார். நான் அவருக்கு எட்டரை என்றே பெயர் வைத்துவிட்டேன். ஏழரையைவிட ஒரு மணி நேரம் அதிகம்.

எனக்கு எழுதத்தான் தெரியும். தளத்தில் கணக்குத் திறந்து, கடவுச்சொல் போட்டுக் கொடுத்ததெல்லாம் என் கணவர். ஆரம்பத்தில் ஒரு தடவை ஏதோ ஒரு பொத்தானை நான் தொட்டு, பாதி எழுதிய கட்டுரை ஊருக்கெல்லாம் போய் மானம் கப்பலேறியது. அன்றிலிருந்து, போடுகிற பொத்தானைத் தவிர வேறு எதன் பக்கமும் என் விரல் போனதில்லை. எது முன்னால், எது பின்னால் என்பதெல்லாம் எட்டரையின் பாடு என்று விட்டுவிட்டேன்.

விவகாரம் பாத்திரத்தில் ஆரம்பித்தது. நான் கழுவி வைத்த பாத்திரங்களை அண்ணி எடுத்து மோந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவினார். எனக்குச் சுருக்கென்றது. "அப்ப நான் எதுக்கு அண்ணி கழுவறேன், நேரா உங்ககிட்டயே குடுத்துடறேன்" என்றேன். அவர் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, கொஞ்ச நேரம் போயிற்று. இதெல்லாம் எங்களுக்குள் சகஜம். ஆனால் மறுநாள் காலையில் வந்த என் கட்டுரையின் தலைப்பு 'கழுவியதைக் கழுவுகிறவர்கள்'.

அண்ணி போனைக் கொண்டுவந்து என் முகத்துக்கு எதிரே நீட்டினார்.

"நேத்து சாயங்காலம் நடந்தது இன்னிக்குக் காலைல ஊருக்கே தெரியுது. நல்லா இருக்கும்மா."

"அண்ணி, இது நான் மழைக்காலத்துல எழுதினது. படிக்கும்போது விடுதியில என்கூட ஒருத்தி இருந்தா. அவளை நெனச்சு எழுதினேன்."

"அவளும் ரெண்டு தடவை கழுவுவாளா?"

"ஆமா."

"மோந்து பாப்பாளா?"

"ஆமா அண்ணி."

"அப்ப ஒரே அச்சுல ரெண்டு பேர் இருக்கோம்போல" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். நம்பவில்லை என்பது நடையிலேயே தெரிந்தது. யார்தான் நம்புவார்கள்? படிக்கிறவர்களுக்கு ஒரு கட்டுரை எழுதப்பட்ட நாள் தெரியாது, வெளிவந்த நாள்தான் தெரியும். இன்றைக்கு வந்தது இன்றைக்கு எழுதியது என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது கதவு. நான் துணி மாற்றிக்கொண்டிருக்கும்போது அண்ணி தட்டாமல் உள்ளே வந்தார். சத்தம் போட்டேன். அந்தப் புதன்கிழமை 'தட்டாமல் திறக்கும் கதவுகள்' வந்தது. என் பழைய அலுவலகத்து மேலாளரை மனதில் வைத்து, எந்தக் காலத்திலோ எழுதியது. இந்தத் தடவை அண்ணி போனை நீட்டவில்லை. அன்று முழுவதும் சமையலறைக்கு வரும்போதுகூடத் திறந்திருந்த கதவில் டக் டக் என்று தட்டிவிட்டு வந்தார். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

மூன்றாவதில் சிரிப்பு வரவில்லை. வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகள், இந்தப் படிப்பு பிடிக்கவில்லை, வேறு பிரிவுக்கு மாறப்போகிறேன் என்று முதலில் அத்தையிடம் சொல்லியிருக்கிறாள். அத்தையும் மாறிக்கோ என்று சொல்லிவிட்டார். எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கோபத்தில் "அவளுக்கு அம்மா நான்தானே அண்ணி" என்று கேட்டுவிட்டேன். அடுத்த புதன்கிழமை எட்டரை மணிக்கு வந்த கட்டுரை 'இரவல் அம்மாக்கள்'.

எதிர் வீட்டில் முன்பு குடியிருந்த ஒரு குடும்பத்தைப் பார்த்து எழுதியது அது. அங்கே ஒரு பெரியம்மா குழந்தையைத் தாயிடமே விடமாட்டார். அந்த ஆத்திரத்தில் 'வளர்த்துவிட்டால் பெற்றதாகிவிடாது' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியை அண்ணி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நிதானமாக வாய்விட்டுப் படித்தார். அவர் கல்யாணமே செய்துகொள்ளாதவர். அம்மா இரவு வேலைக்குப் போக, என் கணவரை இடுப்பில் வைத்து வளர்த்தது இவர்தான். நான் வேலைக்குப் போன காலத்தில் என் மகளை வளர்த்ததும் இவர்தான். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

அவர் சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். போடவில்லை. இரண்டு நாள் கழித்து, பழைய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்திருப்பதாகவும், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு போகப்போவதாகவும் சாதாரணமாகச் சொன்னார். என் கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கி "ஏன்க்கா" என்று ஒரு வார்த்தை கேட்டார். "காத்தோட்டமா இருக்குடா" என்றார் அண்ணி. என் கணவர் மறுபடி குனிந்துகொண்டார்.

எனக்கு ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தபோது தினமும் என் தலையைத் துவட்டிவிட்டவர் அண்ணி. என் அம்மாகூட அப்படிச் செய்ததில்லை. நாங்கள் இரண்டு பேரும் முட்டிக்கொள்வது உண்மை. ஆனால் அவர் போய்விட்டால் அந்த வீட்டில் எனக்குச் சண்டை போடக்கூட ஆள் கிடையாது. கணவரிடம் சண்டை போடுவது சுவரில் பந்து அடிப்பது மாதிரி. நாம் அடித்ததுதான் திரும்பி வரும். அண்ணியை எப்படியாவது நிறுத்தியாக வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கும் சந்தேகம் தட்டியது. ஒரு தடவை என்றால் தற்செயல். இரண்டு தடவை என்றால் நம் நேரம் சரியில்லை. மூன்றாவது தடவையும் எப்படி? ஆசிரியர் எட்டரைக்குப் போன் போட்டேன்.

"என் கட்டுரைக்கெல்லாம் தேதி யார் வெக்கறது?"

"நீங்கதான் மேடம்."

"நான் எங்க வெச்சேன்?"

"உங்க கணக்குலேர்ந்துதான் மேடம் வருது. நாங்க அதைத் தொடறதே இல்ல." பிறகு குரலில் தேன் ஒழுகியது. "ஆனா ஒண்ணு சொல்லணும். முன்னெல்லாம் நல்லா எழுதுவீங்க, நேரம் அமையாது. இப்ப ரெண்டு மாசமா எதை எப்ப விடணும்னு உங்களுக்குப் பிடிபட்டிருச்சு."

புளுகுகிறான் என்று முடிவு கட்டினேன். என் வீட்டில் நடப்பது யார் மூலமாகவோ இவனுக்குப் போகிறது. கீழ்வீட்டுக்காரி மேல் சந்தேகம் வந்தது, மாடிப்படியில் அவள் நிற்கிற தோரணையே சரியில்லை. போன் ஒட்டுக்கேட்கிறது என்று எங்கோ படித்தது ஞாபகம் வந்து, பேசும்போதெல்லாம் அதைத் தலையணைக்கு அடியில் செருகினேன். மகளைக்கூட விடவில்லை. கூப்பிட்டு, என் கட்டுரைகளில் நீ கை வைக்கிறாயா என்று கேட்டேன். "அம்மா, உன் கட்டுரையை நான் படிக்கறதே இல்ல" என்றாள். சந்தேகம் தீர்ந்தது, மனசு கெட்டது.

கடைசியில் இலாகாவிடமே போனேன். அண்ணி கட்டிலின் மேல் புடவைகளைப் பரப்பி எண்ணிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, நான் எழுதினது நிஜம். ஆனா அதை அந்தந்த நாள்ல வரவெச்சது நான் இல்ல. யாரோ விளையாடறாங்க."

"யாரு?"

"தெரியல. அதான் உங்ககிட்ட வந்திருக்கேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பஞ்சு குறைகிறது என்று யாரோ சொன்ன மாதிரி அவர் முகம் மாறியது. "கம்ப்யூட்டரைக் கொண்டா" என்றார்.

அதுவரை நான் திறந்தே பார்க்காத வரிசைப் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்தோம். அடுத்த புதன்கிழமைக்கு நின்றது, பழைய துணிகளைத் தூக்கிப்போட மனம் வராதவர்களைப் பற்றிய கட்டுரை. வரிசையின் கடைசியில், பல மாதம் தள்ளி, 'ஜன்னலை யார் மூடுவது' என்று ஒன்று. தூங்கும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும் என்கிறவர்களும் மூட வேண்டும் என்கிறவர்களும் ஒரே வீட்டில் படும் பாடு. அண்ணி அதன்மேல் விரலை வைத்தார்.

"ஜன்னலுக்காக நாம சண்டை போட்டிருக்கோமா?"

"இதுவரைக்கும் இல்ல."

"போடுவோம்."

திட்டம் முழுக்க அவருடையது. செவ்வாய்க்கிழமை காலையிலேயே என் கம்ப்யூட்டரையும் போனையும் வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார். சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டார். தன் போனை மாவு டப்பாவுக்குள் இறக்கினார். "இப்ப எந்த போனுக்கும் காது கிடையாது. நீயும் எதையும் தொட முடியாது. இதுக்கப்புறமும் நாளைக்கு ஜன்னல் வந்தா, காது இருக்கற மனுஷங்க யாரோதான்" என்றார். அவர் என்னையும் சேர்த்துத்தான் பூட்டியிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பரவாயில்லை என்று இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் சேர்ந்து செய்ய ஒரு காரியம் கிடைத்திருந்தது.

"கீழ்வீட்டுக்காரிக்குக் கேக்கற மாதிரி பேசணும்" என்றேன்.

"அவளும் கேக்கட்டும், எல்லாரும் கேக்கட்டும். தம்பி வந்ததும் ஆரம்பிப்போம். அவன் இல்லாம சண்டை போட்டா நடிப்புன்னு தெரிஞ்சுடும்."

"அவர்கிட்ட சொல்லிடலாமா?"

"எதுக்கு? அவன் பாட்டுக்கு இருக்கட்டும். வாயும் இல்ல வம்பும் இல்லாத பிள்ளை."

சாயங்காலம் என் கணவர் வந்து, முகம் கழுவி, கூடத்தில் போனோடு உட்கார்ந்தார். அண்ணி தன் அறையிலிருந்து வந்து ஜன்னலைச் சாத்தினார். நான் திறந்தேன். அவர் சாத்தினார்.

"ஏன் அண்ணி, மனுஷங்க மூச்சு விட வேண்டாமா?"

"கொசு கடிச்சு நான் சாகணுமா?"

"கொசு உங்களை மட்டும் தேடி வருதா?"

முதலில் எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. அண்ணி அசரவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர்களையே அதட்டிய குரல் அது. ஜன்னலில் ஆரம்பித்து, திரைச்சீலை துவைக்காதது, மின்விசிறியில் ஒட்டடை என்று அவர் ஏறிக்கொண்டே போனார். நானும் விடவில்லை. அப்புறம் அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குரல் இறங்கி, "திறக்கறதும் மூடறதும் உன் இஷ்டம்மா. இந்த வீட்டுல ஒரு ஜன்னல்கூட என்னுது இல்லையே" என்றார்.

நாங்கள் பேசி வைத்ததில் அந்த வரி இல்லை. அவர் என்னைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் எழுந்து, "கீழ போய் வண்டியைத் துடைச்சுட்டு வர்றேன்" என்று முனகிவிட்டு, போனோடு படியிறங்கிப் போனார். சண்டை வந்தால் அவருடைய வண்டி பளபளவென்று ஆகிவிடும்.

மறுநாள் காலையில் அண்ணி மாவு டப்பாவிலிருந்து போனை எடுத்துத் துடைத்தார். நாங்கள் சாப்பாட்டு மேஜையில் அடுத்தடுத்து உட்கார்ந்துகொண்டோம். என் கணவர் எதிரே நாற்காலியில், ஆபீஸுக்குக் கிளம்பி, ஒரு காலில் சாக்ஸ் போட்டு இன்னொன்றை உதறிக்கொண்டிருந்தார். எட்டரை ஆயிற்று. அண்ணி திரையை இழுத்துப் புதுப்பித்தார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"ஜன்னலை யார் மூடுவது."

உடனே கீழ்வீட்டுக்காரியைத்தான் நினைத்தேன். ஆனால் அவளுக்கு என் வரிசையில் ஜன்னல் என்று ஒன்று நிற்பது எப்படித் தெரியும்? ஆசிரியர் எட்டரைக்கு ஜன்னல் தெரியும், சண்டை தெரியாது. இரண்டும் தெரிந்தவர்கள் யார் என்று யோசித்துக்கொண்டே தலையை நிமிர்த்தினேன். என் கணவர் சாக்ஸை உதறுவதை நிறுத்தியிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் சண்டை இல்லாமல் ஒரே போனைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"நீங்களா?" என்றேன்.

அவர் சாக்ஸைப் பார்த்தே பேசினார். "நான் எதுவும் எழுதலையே. எழுதினது நீ. தேதியை மட்டும் முன்னபின்ன மாத்தினேன்."

"எதுக்கு?"

"நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுட்டு என்னைப் பாக்கறீங்க. நான் என்ன சொல்றது? நேருல சொன்னா அக்கா மனசு நோகும். கட்டுரைன்னா பொதுவா இருக்கும். யாருக்கு வேணுமோ அவங்க எடுத்துப்பாங்க."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பொத்தான் அறுந்த சட்டையை நாற்காலியில் போடுகிற மனிதர், என் எழுத்தை எடுத்து அக்காவின் கண்ணில் படுகிற மாதிரி போட்டிருக்கிறார். நான் யாரையோ நினைத்து எழுதியதெல்லாம், அவர் நாள் குறித்த பிறகு அண்ணிக்கு எழுதிய கடிதமாகிவிட்டது. அத்தனை நாளாக நான் உழைத்து, பழி சுமந்து, பேச்சு கேட்டு, அவருடைய வாயாக இருந்திருக்கிறேன். திட்டலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அண்ணியின் முகம் கண்ணில் பட்டது.

"அப்ப இரவல் அம்மாவும் நீ போட்டதுதானாடா?" என்று கேட்டார்.

என் கணவர் சாக்ஸை மறுபடி உதற ஆரம்பித்தார்.

அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது. தம்பி பெண்டாட்டி எழுதினாள் என்றால் அண்ணி தாங்கிக்கொள்வார். வெளியிலிருந்து வந்தவள், வாய்த்துடுக்கு, அப்படித்தான் இருப்பாள் என்று தள்ளிவிடுவார். தம்பி என்றால் எங்கே தள்ளுவார்? நான் குற்றமற்றவள் என்று நிரூபிக்கக் கிளம்பி அவரை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன்?

"இல்ல அண்ணி, அது ஒண்ணு மட்டும் நான் போட்டது" என்றேன். "அன்னிக்கு எனக்குக் கோவம். நான்தான் தேதியை மாத்தினேன்."

அண்ணி என்னைக் கூர்ந்து பார்த்தார். எழுந்து போய் பீரோவைத் திறந்து, என் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"எப்படி மாத்தினே? காட்டு."

வரிசைப் பக்கத்தைத் திறந்தேன். தேதியின் மேல் அழுத்தினேன், எதுவும் ஆகவில்லை. பக்கத்தில் இருந்த பென்சில் படத்தை அழுத்தினேன், கட்டுரை முழுக்கத் திறந்துகொண்டது. மூடினேன். இன்னொன்றை அழுத்தினேன், 'நிச்சயமாக நீக்கவா?' என்று கேட்டது. எதை அமுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

"விடும்மா" என்று அண்ணி மெதுவாகக் கம்ப்யூட்டரை மூடினார். என் கையின் மேல் தன் கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு தம்பி பக்கம் திரும்பினார்.

"பாருடா, இப்பக்கூட உனக்காக இவதான் பேசறா. ஒரே ஒரு விஷயம் மட்டும் உன் வாயால சொல்லிடு. நான் போகட்டுமா, இருக்கட்டுமா?"

நான் அவரையே பார்த்தேன். சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று என் மனசு அடித்துக்கொண்டது. இரண்டு எழுத்து. இரு. அவர் உதடு அசைந்த மாதிரிகூட இருந்தது. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆபீஸுக்கு நேரமாச்சுக்கா. சாயங்காலம் வந்து சொல்றேன்."

அண்ணி சிரித்தார். "சாயங்காலம் எதுக்கு? அடுத்த புதன்கிழமையே சொல்லு. எட்டரை மணிக்கு."

சிரித்துக்கொண்டேதான் அறைக்குள் போனார். நான் பின்னாலேயே போனபோது சுவர்ப் பக்கம் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அன்று சாயங்காலம் என் கணவர் வந்தார், சாப்பிட்டார், படுத்தார். மறுநாளும் அப்படியே. நான் அவரிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கத்தினேன், கெஞ்சினேன். "சொல்றேன், சமயம் பாத்துச் சொல்றேன்" என்றார். அண்ணி என்னிடம் முன்னைவிடப் பிரியமாக இருந்தார். கரண்டிகளை எண்ணுவதை நிறுத்திவிட்டார். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்ன வண்டி ஒன்று வந்தது. பீரோவை இறக்கும்போது ஒரு பக்கம் என் கணவர் பிடித்துக்கொண்டார். மாடித் திருப்பத்தில் இடிக்காமல் பத்திரமாக இறக்கினார். வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டி, கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். அண்ணி டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தாமல் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்புறம் அவரே சாத்திக்கொண்டார்.

மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். கூடத்து ஜன்னல் பாதி திறந்து பாதி மூடியிருந்தது. பாதிச் சாப்பாட்டில் அவர் கையை நிறுத்தினார்.

"நான் இருன்னுதான் சொல்ல நெனச்சேன்."

"யார்கிட்ட சொல்றீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். ஒரு சட்டையை என் எதிரே போட்டுவிட்ட பார்வை அது. நான் இதை எடுத்துக்கொண்டு போய், இரண்டு நாளில் பக்குவமாக அண்ணியிடம் சேர்த்துவிடுவேன் என்று அவருக்கு நிச்சயம்.

நான் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். போனை எடுத்து அண்ணியின் எண்ணைப் போட்டு, மணி அடிக்க ஆரம்பித்ததும் என் கணவரின் இடது கையில் வைத்து விரல்களை மூடினேன்.

"ஹலோ" என்று அண்ணியின் குரல் கேட்டது. "ஹலோ, என்னம்மா?"

அவர் போனைக் காதில் வைக்காமல் என்னை நோக்கி நீட்டினார். வாங்கிக்கொள், நீயே சொல் என்று கண்ணாலேயே கெஞ்சினார். அண்ணி அந்தப் பக்கம் "யாரு, யாரு பேசறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.